நல்ல தண்ணி

1. "சின்னவன் செத்திட்டான்"

கண்புரை ஒப்பரேசன் செய்து, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மூதூரில் தங்கச்சி வீட்டில் கிடந்தேன். பதினாறாவது நாள் காலையில் போன் அடித்தது.

"மஜீத், சின்னவன் செத்திட்டான்."

ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற தங்கச்சிக்கும் கேட்டுவிட்டது. "இன்னாலில்லாஹி" என்று சொல்லிக்கொண்டு ஓடி வந்தாள்.

"நானா, ஆரு மௌத்து? எத்தின வயசு?" என்று கேட்டாள். நானா என்றால் எங்களில் அண்ணன்.

"மீன்" என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். முப்பது வருடமாக இந்த மீன்தொட்டித் தொழிலில் இருக்கிறேன். மீன் செத்துப்போன வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க யாரும் போவதில்லை. என்னைப்போல ஒருவனுக்குப் போன் மட்டும் வரும்.

பேசியவர் செபமாலை கப்டன். துறைமுகத்தில் கப்பல்களை இழுக்கும் டக் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து ஏழு வருடம். ஒரே மகன் நோர்வேயில். அந்த மகன்தான் அங்கிருந்தபடியே என்னைப் பிடித்து, அப்பாவின் வீட்டில் நாலடி நீளத்தில் ஒரு கடல்மீன் தொட்டி வைக்கச் சொன்னார். "அப்பாவுக்கு வீட்டில அசையிற சாமான் ஒண்டு இருக்கட்டும்" என்றார். தொட்டியில் ஒரு சோடி கோமாளி மீன், நாலைந்து நத்தை, ஓர் இறால், கொஞ்சம் கடற்கல். கோமாளி மீனில் பெண்தான் பெரிது. கப்டன் அதற்குப் பெரியவ என்றும் ஆணுக்குச் சின்னவன் என்றும் பெயர் வைத்திருந்தார்.

"பெரியவ எப்பிடி கப்டன்?"

"கீழ கிடந்து மூச்சு வாங்குறா. நத்தையளும் அசையேல்ல. நான் ஏதும் பிழை விட்டிட்டனோ தெரியாது."

"தண்ணி விட்டனீங்களோ?"

"ஒரு நாளும் தவறேல்ல. நீர் சொன்னமாதிரியே, குறையக் குறைய நல்ல தண்ணிதான் விட்டனான்."

கேட்டதும் முதலில் ஆறுதலாகத்தான் இருந்தது. பிறகு ஏதோ உறுத்தியது.

"எங்க எடுத்த தண்ணி?"

"சல்லிக் கடலிலதான். மீன்பிடிக்கிற அந்தோனி போட்டில போகேக்க, நல்லாத் தெளிஞ்ச இடத்தில அள்ளி பிளாஸ்ரிக் கானில நிரப்பித் தாறவன்."

கப்டன் பதினாறு நாளாகத் தொட்டிக்குள் கடல் தண்ணீரை ஊற்றியிருக்கிறார். ஊற்றச் சொன்னது நான்தான்.

"மஜீத், லைன்ல இருக்கிறீரோ? என்ர பிழையோ?"

"வந்து பாக்கிறன் கப்டன்" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தேன். உங்கள் பிழை இல்லை என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

2. போவது தண்ணீர், உப்பு அல்ல

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தெரிந்தவர்கள் அடுத்த பகுதிக்குப் போகலாம்.

தொட்டித் தண்ணீர் தினமும் ஆவியாகிப் போகும். நூற்றைம்பது லீற்றர் தொட்டி என்றால் சாதாரண நாளில் இரண்டு லீற்றர் போகும். வரண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில், மேலே ஃபேனும் சுழன்றால், மூன்று மூன்றரை லீற்றர் போய்விடும். அப்படிப் போவது வெறும் தண்ணீர்தான். உப்பு ஒரு மணிகூடப் போகாது, தொட்டிக்குள்ளேயே நிற்கும். ஆகவே குறைந்த அளவுக்கு உப்பில்லாத தண்ணீர் விடவேண்டும். கடல் தண்ணீர் தேவைப்படுவது, பழைய தண்ணீரில் ஒரு பகுதியை இறைத்துவிட்டு மாற்றும்போது மட்டும். குறைந்ததற்குக் கடல் தண்ணீரையே விட்டுக்கொண்டு போனால், நிலாவெளிப் பக்கத்து உப்பளத்தில் நடப்பதுதான் வீட்டு வரவேற்பறையிலும் நடக்கும்.

இவ்வளவுதான் விஷயம். ஆனால் இதை ஒருவருக்கு விளங்கவைப்பதற்குள் எனக்கு உயிர் போய்விடும். டவுனில் ஒரு நகைக்கடைக்காரர் இருந்தார். தண்ணீர் குறைந்தால் உப்பும் குறைந்திருக்கும்தானே என்று தானாகவே கணக்குப் போட்டு, ஒரு வாளி குழாய்த் தண்ணீரில் குசினிக் கல்லுப்பு இரண்டு பிடி கரைத்து விட்டிருந்தார். "மீனுக்கு ருசி வேணாமோ?" என்று என்னிடமே கேட்டார். வயது போனவர் என்பதால் ஒன்றும் சொல்லாமல் வந்தேன். வழியெல்லாம் வாய்க்குள் ஏசிக்கொண்டுதான் வந்தேன்.

தொட்டிக் கண்ணாடியில் கறுப்பு ஒட்டு ரேப்பால் ஒரு கோடு ஒட்டுவது என் வழக்கம். தண்ணீர் எப்போதும் அந்தக் கோட்டில் நிற்கவேண்டும். உப்பை அளக்க ரிஃப்ராக்டோமீற்றர் என்று சிறு குழல் ஒன்று இருக்கிறது. ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் 1.025 என்று காட்டவேண்டும். தொழிலில் நாங்கள் அதைச் சுருக்கி இருபத்தைந்து என்போம்.

3. கொம்பனியில் படித்த சொல்

பிழை என்னுடையது என்று போனிலேயே தெரிந்துவிட்டது; அது எப்படி நடந்தது என்று பஸ்ஸில் கிண்ணியா தாண்டி வரும்போதே எனக்கு விளங்கிவிட்டது.

நான் இந்தத் தொழிலைப் பழகியது அலங்கார மீன் ஏற்றுமதி செய்த ஒரு கொம்பனியில். கடலிலிருந்து பம்ப் பண்ணி நூற்றுக்கணக்கான தொட்டிகளுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். மழை பெய்து கடல் கலங்கினாலோ எண்ணெய் மிதந்தாலோ பம்பை நிறுத்திவிடுவார்கள். தெளிந்ததும் வாசலில் நிற்கிறவர் "நல்ல தண்ணி வந்திட்டு!" என்று கத்துவார். அங்கே நல்ல தண்ணி என்றால் சுத்தமான கடல் தண்ணீர். வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் மனைவி "நல்ல தண்ணி முடிஞ்சிட்டு, ரெண்டு குடம் எடுத்துத் தாங்க" என்பாள். அங்கே நல்ல தண்ணி என்றால் குடிக்கிற தண்ணீர். இருபது வருடம் இரண்டையும் ஒரே வாயால் சொல்லி எனக்குக் குழப்பம் வந்ததே இல்லை. மற்றவர்களுக்கு வரும் என்று யோசிக்கவும் இல்லை.

கப்டன் வீட்டில் தொட்டி வைத்த முதல்நாள், கொம்பனிப் பேச்சில்தான் சொன்னேன்: "துறைமுகத்துக்குள்ள எடுக்க வேணாம் கப்டன், எண்ணெய். சல்லிப் பக்கம் நல்ல தண்ணி." அதன்பிறகு ஒன்றுவிட்டு ஒருநாள் நானே வந்து தண்ணீர் விட்டேன். ஃபில்டர் கடையில் வாங்கிய உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீருக்கும் வெள்ளைக் கான், கடல் தண்ணீருக்கும் அதே வெள்ளைக் கான். நான் கானைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்ததும் கப்டன் குசினிக்குப் போய் எனக்குப் பால் விடாத, இஞ்சி போட்ட பிளேன் ரீ ஊற்றத் தொடங்குவார். ரீயோடு வரும்போது என் வேலை முடிந்திருக்கும். எந்தக் கானில் என்ன இருந்தது என்று அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

ஒப்பரேசனுக்கு வேறு ஒரு திகதி தந்திருந்தார்கள். திடீரென்று முன்னால் கூப்பிட்டுவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் வாங்கிலில் குந்திக்கொண்டு போனில் சொன்னேன்: "கப்டன், கோட்டுக்குக் கீழ இறங்கினா நல்ல தண்ணி விடுங்கோ." இந்த முறை நான் சொன்னது வீட்டுப் பேச்சு. அவர் கேட்டது கொம்பனிப் பேச்சு.

4. சொட்டுச் சொட்டாக

கப்டன் வாசலிலேயே நின்றார். சவரம் செய்யவில்லை. ஒருநாளும் இல்லாதமாதிரி சறத்தை மடித்துக் கட்டியிருந்தார். சின்னவனை ஒரு பழைய புகையிலைத் தகர ரின்னில் வைத்து மனைவி நட்ட செவ்வரத்தைச் செடிக்குக் கீழே புதைத்தாகிவிட்டது.

தொட்டி விளிம்பெல்லாம் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. கறுப்புக் கோட்டில் மட்டும் தண்ணீர் அச்சொட்டாக நின்றது. அவ்வளவு கவனமாக விட்டிருக்கிறார். கண்ணாடியைக் கழற்றி, ஒப்பரேசன் செய்யாத கண்ணால் மீற்றரைப் பார்த்தேன். முப்பத்து நாலு. நத்தைகள் எல்லாம் போயிருந்தன. இறாலின் வெறுங்கூடு ஒரு கல்லில் ஒட்டியிருந்தது. பெரியவ மூலையில் சாய்ந்து கிடந்து செவுளை வேகமாக அடித்துக்கொண்டிருந்தாள்.

"உப்புக் கூடிட்டு கப்டன்."

"எப்பிடிக் கூடும்? நான் உப்புப் போடேல்லயே."

ஆவியாவதைப் பற்றியும், வரும் வழியில் ஃபில்டர் கடையில் வாங்கிவந்த உப்பில்லாத தண்ணீரைப் பற்றியும் சொன்னேன். முழுவதும் கேட்டார். பிறகு தலையில் கைவைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார்.

"முப்பத்தைஞ்சு வருசம் கடல்ல நிண்டவன். வெயிலில காய்ஞ்ச டெக்கில உப்புப் பூக்கிறத தினமும் கண்டவன். எனக்கு இது தெரியேல்ல, பாரும். என்ர கையாலதான் அவனைக் கொண்டுபோட்டன்."

அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. திறந்தால் இந்த வீட்டில் இனி எனக்கு ரீ கிடைக்காது என்ற பயம்தான் காரணம், வேறொன்றும் இல்லை. என் மனைவி மௌத்தாகி ஆறு வருடம். இரண்டு மகன்மாரும் கட்டாரில். டவுனில் நான் வாடகைக்கு இருக்கும் அறையில் சுவரோடுதான் கதைக்கவேண்டும். கிழமையில் நாலு நாள் என்னை எதிர்பார்த்து அடுப்பில் கேத்திலை வைக்கிற வீடு இது ஒன்றுதான்.

கப்டன் எழுந்து வாளியை எடுத்தார். "கொண்டாரும் அந்த ஃபில்டர் தண்ணிய. ஒரே வாளியா ஊத்திச் சரிபண்ணுவம்."

"வையுங்கோ வாளிய!" என்று கத்திவிட்டேன். கப்டன் வீட்டில் நான் கத்தியது அதுதான் முதல்தடவை. "கூடினது பதினாறு நாளில. ஒரேயடியா இறக்கினா இருக்கிற இவளும் போயிடுவா. நாளுக்கு ரெண்டு புள்ளிதான் இறக்க ஏலும்."

காற்றுக் குழாய் ஒன்றை எடுத்து நடுவில் முடிச்சுப் போட்டேன். ஸ்டூலின் மேல் ஆர்.ஓ. கான். முடிச்சை இறுக்கினால் சொட்டுக் குறையும், தளர்த்தினால் கூடும். இன்னொரு பக்கத்தால் உப்புத் தண்ணீரைக் கோப்பை கோப்பையாக வெளியே எடுக்கவேண்டும். வந்த நேரத்திலிருந்து பின்னேரம் வரை சொட்டை எண்ணிக்கொண்டு இருந்தோம். கப்டன் தன் பழைய கைக்கடிகாரத்தைப் பார்த்து "நிமிசத்துக்கு அறுவது" என்பார். நான் முடிச்சைத் தளர்த்துவேன்.

முப்பத்திரண்டுக்கு வந்தது. அடுத்தநாள் முப்பது. பெரியவ நிமிர்ந்து மிதந்தாள், ஆனால் தின்னவில்லை.

அந்த நாள்களில் அவர் நிறையக் கதைத்தார். புயலில் கயிறறுந்த கதை, மனைவியோடு சண்டைபிடித்த கதை. கிழமைக்கு ஒருமுறை வரும் மகனின் வீடியோ அழைப்பில் பத்தாவது நிமிடத்தில் இரண்டு பேருக்கும் கதை முடிந்துவிடும் என்றார். "அப்ப போனைத் தொட்டிப் பக்கம் திருப்பிப் பிடிப்பன். அவன் மீனைப் பாப்பான், நானும் மீனைப் பாப்பன். இனி ஒண்டைத்தான் காட்டவேணும்" என்றார். அதைக் கேட்டபிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

5. சொன்னேன்

மூன்றாம் நாள் மத்தியானம் சொட்டு விழுந்துகொண்டிருக்கும்போதே சொன்னேன்.

"கப்டன், பிழை உங்கட இல்ல. நல்ல தண்ணி எண்டு சொன்னவன் நான். கடல் தண்ணிக்கும் அதைத்தான் சொன்னனான், குடிக்கிற தண்ணிக்கும் அதைத்தான் சொன்னனான். போன்லயே எனக்கு விளங்கிட்டு. சொல்லப் பயந்திட்டன்."

அவர் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மூண்டு நாளா நான் அழுததை நீர் பக்கத்தில இருந்து பாத்தனீர்."

"ஓம்."

"சொட்டு முடிஞ்சா நீர் போகலாம்."

அன்று ரீ வரவில்லை. சொட்டு முடிந்ததும் மீற்றரைப் பார்த்தேன். இருபத்தெட்டு. அதைக் கதவடியில் நின்று சொன்னேன். அறைக்கு வந்து, சாப்பாட்டுக் கடையில் வாங்கிய பார்சலை அவிழ்க்காமலே வைத்துவிட்டேன். கண்ணுக்கு மருந்து விட மறந்ததும் அன்றைக்குத்தான்.

அடுத்தநாள் போவதா விடுவதா என்று பெரிய மனப்போராட்டம். மீனைப் பாதியில் விட ஏலாது என்று எனக்கு நானே சாட்டுச் சொல்லிக்கொண்டு போனேன். கதவு திறந்திருந்தது. கப்டன் தரையில் குந்தியிருந்தார். வெள்ளைக் கான்கள் எல்லாம் அவரைச் சுற்றி நின்றன. சிவப்பு மார்க்கர் பேனையால், டக் படகில் பெயர் எழுதுவதுபோல் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தார். பாதிக் கான்களில் "உப்பு". மீதியில் "உப்பில்லை". அதோடு நிற்கவில்லை. குசினியில் குடிக்கிற தண்ணீர்ப் பானையிலும் "உப்பில்லை", சீனிப் போத்தலிலும் "உப்பில்லை".

"சீனிக்கு ஏன் கப்டன்?"

"உம்மை நம்ப ஏலாது" என்றார். பிறகு கேத்திலை அடுப்பில் வைத்தார்.

ஐந்தாம் நாள் மீற்றர் இருபத்தைந்து காட்டியது. அன்று பின்னேரம் பெரியவ மேலே வந்து இரண்டு பருக்கை தீன் எடுத்தாள். கப்டன் என் தோளில் ஓங்கி ஓர் அடி அடித்தார். நல்லகாலம், கண்ணில் படவில்லை.

6. ஃபுளோட் வால்வு

இனி ஒருநாளும் இப்படி நடக்கக்கூடாது என்று, நான் முன்னமே செய்திருக்கவேண்டிய வேலையைச் செய்தேன். கக்கூசுத் தாங்கிக்குள் மிதக்கிற பந்தும் வால்வும் இருக்கிறதே, அதே சாமான் விரல் அளவில் வருகிறது. தொட்டிக்குப் பின்னால் ஓர் உயர ஸ்டூலில் இருபத்தைந்து லீற்றர் ஆர்.ஓ. கான், அதில் ஒரு சின்னக் குழாய்த்திருகு, அதிலிருந்து வால்வுக்கு ஒரு ரியூப். தண்ணீர் கோட்டிலிருந்து நூல் அளவு இறங்கினாலும் மிதவை இறங்கி வால்வு திறக்கும். நிரம்பியதும் தானாக மூடும். கானை மட்டும் கிழமைக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். அதை ஃபில்டர் கடைக்காரர்களே கொண்டுவந்து நிரப்ப ஒழுங்குசெய்தேன்.

வேலை நன்றாக அமைந்துவிட்டது. பெருமையோடு சொன்னேன்: "இனி நீங்களும் கோட்டைப் பாக்கத் தேவையில்ல கப்டன், நானும் ஓடித் திரியத் தேவையில்ல. மாசத்துக்கு ஒருக்கா வந்து தண்ணி மாத்தினாச் சரி."

"ஓ, நல்லது" என்றார். வாசல்வரை வந்து நின்றார். நான் மோட்டர்சைக்கிளைத் திருப்பும்வரை அங்கேயே நின்றார்.

அந்த முதல் கிழமை ஒன்றுவிட்டு ஒருநாள் காலையில் எனக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. வேறு இரண்டு வீட்டுத் தொட்டிகள் இருந்தன. இரண்டிலும் ஆட்கள் வெளிநாட்டில். வீட்டுத் திறப்புக் கொத்து என்னிடம். உள்ளே போய், தண்ணீர் விட்டு, தீன் போட்டுவிட்டு வருவேன். பம்புச் சத்தத்தைத் தவிர அங்கே ஒன்றும் கேட்காது. கப்டன் வீட்டைக் கடக்கும்போது மோட்டர்சைக்கிளை மெதுவாக்குவேன். உள்ளே போக ஒரு சாட்டு வேண்டுமே. அந்தச் சாட்டை என் கையாலேயே கழற்றி எறிந்துவிட்டு வந்திருந்தேன். நல்ல வேலைக்காரன் என்ற பெருமையைக் கட்டிக்கொண்டு அழவா என்று இருந்தது.

பன்னிரண்டாம் நாள் போன் வந்தது.

"மஜீத், தண்ணி கோட்டுக்குக் கீழ இறங்கிட்டு."

"இறங்க ஏலாதே கப்டன்."

"இறங்கிட்டெண்டு சொல்லுறன். நீர் வந்து பாரும்."

போனேன். உண்மைதான். தண்ணீர் கோட்டுக்கு அரை விரல் கீழே நின்றது. பெரியவ சுகமாக நீந்திக்கொண்டிருந்தாள். தொட்டிக்குப் பின்னால் குனிந்து பார்த்தேன். கான் நிறையத் தண்ணீர் இருந்தது. ரியூப் மடியவில்லை. மிதவையில் பாசி இல்லை. வால்வு நன்றாக ஆடியது. பிறகுதான் கானில் இருந்த சின்னத் திருகைப் பார்த்தேன். இறுக்கி மூடியிருந்தது. இறுக்கியது பலமான கை. முப்பத்தைந்து வருடம் கப்பல் கயிறு பிடித்த கையாக இருக்கவேண்டும்.

திரும்பிப் பார்த்தேன். கப்டன் அங்கே இல்லை. குசினியில் கேத்தில் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது. இஞ்சி இடிக்கும் சத்தம் கேட்டது.

திருகில் வைத்த கையை எடுத்துக்கொண்டேன். "உப்பில்லை" என்று எழுதிய கானிலிருந்து ஒரு சாடியில் தண்ணீர் வார்த்து, மெதுவாக, கோடுவரை கையால் விட்டேன். மூன்று லீற்றர் பிடித்தது.

கப்டன் ரீயோடு வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"வால்வு பிழையோ?"

"ஓம் கப்டன். இந்தச் சாமான நம்ப ஏலாது. ஒண்டவிட்டொருநாள் நான் வந்து பாக்கத்தான் வேணும்."

"நான் அப்பவே நினைச்சனான்" என்றார். "இரும். ரீ ஆறுது."

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு என்னிடம் சொல்வதற்கு இரண்டு விஷயம்தான் உண்டு. ஒன்று, வீட்டுக்காரரிடம் நல்ல தண்ணி என்று சொல்லாதீர்கள். உப்பில்லாத தண்ணி என்று முழுதாகச் சொல்லுங்கள், அப்படிச் சொல்வதற்கு இரண்டு விநாடிதான் கூடப் பிடிக்கும். மற்றது, வால்வு வேலைசெய்யவில்லை என்று தனியாக இருக்கும் ஒருவர் உங்களைக் கூப்பிட்டால், முதலில் கான் திருகைப் பாருங்கள். அது மூடியிருந்தால் திறக்காதீர்கள். சாடியைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.